நீச்சல்குள மோட்டாரும் ஒரு முழங்காலும்

ஒரு வாரமாகவே அந்த மோட்டார் இருமிக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் காலை, என் மனைவி இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி பன்னிரண்டாவது நடையை முடித்துத் திரும்பும்போது, சுவருக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் தகரத்தைச் சிமென்ட் தரையில் இழுப்பது போலக் கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு கருகல் நாற்றம். பிறகு ஒன்றுமே இல்லை. சுவர்த் துளைகளிலிருந்து பீய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. குளம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

“ஏங்க, நின்னுடிச்சி.”

“கரண்டு போயிருக்கும்.”

“உள்ள ஃபேன் சுத்துதே.”

சுற்றியது. இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷக் கோடை அது. தினமும் மூன்று மணி நேரம் மின்சாரம் போகும், சொன்ன நேரத்துக்குப் போகும், சொல்லாத நேரத்துக்கும் போகும். மின்சாரம் இருக்கும்போது ஒன்று நின்றுபோனால், அது நம்மைக் குறிவைத்தே நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

நீச்சல் குளம் எங்களுடையது அல்ல. நாங்கள் சிதம்பரத்தில் வாடகை வீட்டுக்காரர்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் நிற்கும் இடம் என்றால் அது ஒழுகும் குளியலறைதான். குளம் என் மச்சானுடையது. மனைவியின் அண்ணன், வளைகுடாவில் வேலை. கடலூர் முதுநகர் தாண்டி, செம்மங்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், தெற்குக் காற்று அடித்தால் அங்கிருக்கும் ரசாயனத் தொழிற்சாலைகளின் வாடை வந்து சேரும் தூரத்தில், சிதம்பரம் சாலையை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டியவர், அங்கே தன் முதலாளி வீட்டில் என்ன இருந்ததோ அதெல்லாம் இங்கேயும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். இருபதடிக்குப் பத்தடி, நீலச் சதுரக் கற்கள், நாலு படிக்கட்டு, நாலரை அடி ஆழம். வருஷத்துக்கு இருபது நாள் வருவார், மூன்று நாள் குளிப்பார். மீதி நாள்களில் பக்கத்து வீட்டுக் கோழிகள் அதன் விளிம்பில் நின்று யோசிக்கும்.

எங்களுக்கு அது தேவைப்பட்டது முழங்காலால்.

அந்த மாசியில் புவனகிரி சாலையில், அறுத்த உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறித் தாள் நொறுங்கி உளுந்து உதிரட்டும் என்று வருஷாவருஷம் செய்வதுதான். ஆயிரம் பேர் அதன்மேல் போகிறார்கள். என் ஸ்கூட்டர் மட்டும் வழுக்கியது. நான் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த அவள் எழவில்லை. வலது முட்டிச் சில்லு இரண்டாகப் போயிருந்தது. கம்பி கட்டி, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கால் பலகை மாதிரி நின்றது, மடங்கவில்லை.

அன்று வண்டி ஓட்டியது நான். அதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால், ஒரு மோட்டாரோடு நான் அவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேன்.

அவள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. அப்போது அரசுப் பள்ளிகளில் புது முறை: நாற்காலி கிடையாது, மேசை கிடையாது. பாயை விரித்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, அட்டைகளைப் பரப்பிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கரும்பலகைகூடச் சுவரின் அடியில், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில். உட்கார முடியாத ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்றால், கோப்புகளைப் பார்க்க வேறு எங்காவது போட்டுவிடுவார்கள். அவள் அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினாள், அதுவும் கரண்டு போயிருந்த ஒரு மதியத்தில், விசிறிக்கொண்டே: “ஃபைலு என்னைப் பாத்து சிரிக்காதுங்க.”

சிதம்பரத்து எலும்பு மருத்துவர் முழங்காலில் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்து, “நாப்பது டிகிரி,” என்றார். “மே மாசக் கடைசியில வாங்க. தொண்ணூறு வந்துடணும். வந்துட்டா மீதிய நாம பாத்துக்கலாம். வரலேன்னா மயக்கம் குடுத்து மடக்கிடுவோம்.” குடையை மடக்குவது பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

“மடக்கும்போது ஏதாவது ஆவுமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“ரொம்ப ரேரா வேற எடத்துல உடையும். அதெல்லாம் யோசிக்காதீங்க. தண்ணியில நடக்க வைங்க. சுத்தமான தண்ணியா இருக்கட்டும், தையல் போட்ட எடம் இன்னும் முழுசா மூடல.”

எதையெல்லாம் யோசிக்க வேண்டாம் என்று சொல்கிறார்களோ, அதையெல்லாம் யோசிப்பதற்கென்றே பிறந்தவன் நான்.

அதனால்தான் கடலூர். கடல் பக்கத்தில்தானே என்று கேட்டவர்கள் பலர். கடல் நிற்காது, அலை ஒரு தள்ளு தள்ளினால் மறுபடி மாவுக்கட்டு. தவிர, சுனாமி வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு அவள் மணலைத் தாண்டியதில்லை. மச்சான் வீட்டிலேயே தங்கி, குளத்தில் மூன்று வாரம் நடந்தாள். பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த பாகைமானியை என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மாலையில் அவள் காலை மடக்குவாள், நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அளப்பேன். நாற்பது, ஐம்பத்தைந்து, அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு. எழுபத்திரண்டில் மோட்டார் நின்றது.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

“மாப்ள, அது இத்தாலி மோட்டாரு. அதுக்கு ஒண்ணும் ஆவாது.”

“ஆயிடிச்சி மச்சான்.”

“சுச்சு போட்டீங்களா?”

“போட்டேன்.”

“ஆஃப் பண்ணி, ஒரு பத்து நிமிஷம் வுட்டு, மறுபடி போடுங்க.”

“புகை வந்துச்சி மச்சான்.”

“புகையா? லேசாவா, ஜாஸ்தியாவா?”

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. மூன்றாம் நாள் தண்ணீரில் பச்சை ஒரு பேச்சாக வந்தது, ஐந்தாம் நாள் அதுவே உண்மையானது. படிகள் வழவழத்தன. தண்ணீரை மாற்றிவிடலாம் என்றால், குளத்தைக் காலி செய்வதற்கும் அதே மோட்டார்தான் ஓட வேண்டும். நோயாளியே ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு போக வேண்டிய ஏற்பாடு.

கடலூர் கடைத்தெருவில் மோட்டார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“எத்தினி அடி ஆழம்?”

“நாலரை.”

“நானூறா?”

“இல்லைங்க, நாலரை. அடி.”

“நாலரை அடியில ஏது சார் கிணறு? முயலு வளையா?”

“நீச்சல் குளம்.”

கடையிலிருந்த மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். “சார், கடலு அங்கதான இருக்குது? எடுத்துட்டாங்களா?”

சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு, தண்ணீரை உறிஞ்சி, மணல் நிரப்பிய தொட்டி வழியாக வடிகட்டி, திரும்பக் குளத்துக்கே அனுப்பும் மோட்டார் அது என்று விளக்கினேன்.

“இருங்க இருங்க. கொளத்துலேர்ந்து எடுத்து, அதே கொளத்துல உடறதா?”

“ஆமாம்.”

“அதுக்கு எதுக்கு சார் மோட்டாரு? சும்மா வுட்டாலே அங்கதான இருக்கும்?”

வெயிலில் இறங்கினேன். அடுத்தடுத்த கடைகளிலும் இதே உரையாடலை, முயல் வளை இல்லாமல், நடத்தினேன். கடைசியில் புதுச்சேரியில் ஒரு கடைக்காரர், “சென்னையிலேர்ந்து வரணும், ஒரு வாரம்,” என்றார். ஒரு வாரம் எட்டு நாளானது. பார்சலைப் பிரித்தால் புத்தம்புதுக் கறுப்பு மோட்டார், பக்கத்தில் த்ரீ ஃபேஸ் என்கிற மூன்று கட்ட மின்சாரத்துக்கான இணைப்பு. மச்சான் வீட்டில் இருப்பது ஒற்றைக் கட்ட இணைப்பு. தெருவில் மூன்று கட்டம் வருகிறது, வாசல் வரை வருகிறது, உள்ளே வரவில்லை. திருப்பி அனுப்பினேன். இன்னும் ஆறு நாள்.

அந்தப் பதினான்கு நாளும் அவள் கட்டிலில் உட்கார்ந்து, பாதத்தில் துண்டைச் சுற்றி இழுத்து, பல்லைக் கடித்து முழங்காலை மடக்கினாள். தண்ணீரில் இல்லாத வலி தரையில் இருந்தது. மாலையில் நான் பாகைமானியோடு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எழுபது. அறுபத்தெட்டு. அறுபத்தாறு.

“அளக்காதீங்களேன்,” என்றாள் ஒரு நாள். “அளந்தா மட்டும் ஏறிடுமா? காய்ச்சலா அது?”

பாகைமானியைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய், பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தவளை குடியேறியிருந்தது. அதன் முழங்கால் எத்தனை அழகாக மடங்கியிருந்தது என்று பார்த்தபோது, அந்தத் தவளையின் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

சரியான மோட்டார் வந்து சேர்ந்த அன்று, அதைப் பொருத்த ஆள் இல்லை. நீச்சல் குளக்காரர்கள் சென்னையிலிருந்து வர அடுத்த மாதம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர்தான் காடாம்புலியூர் மெக்கானிக்கைச் சொன்னார். அந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளுக்கும் பலாத் தோப்புகளுக்கும் ஓடுகிற மோட்டாரில் பாதி அவர் கைபட்டதாம். ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை மோட்டாரின் மேல் வைத்து, எந்த பேரிங் போயிருக்கிறது என்று கேட்டே சொல்லிவிடுவாராம்.

மொபெட்டில் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கருவிப் பைக்கு முன்னால் ஒரு பலாப்பழத்தைத்தான் இறக்கி வைத்தார். “அக்காவுக்கு. கால் சரியில்லன்னு சொன்னாங்க.” முழங்காலுக்கும் பலாப்பழத்துக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. பழம் வாசல் வரை மணந்தது.

குளத்தைச் சுற்றி ஒரு நடை வந்தார். மோட்டார் அறையில் குனிந்து பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி நீச்சல் குளத்து மோட்டார் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“மோட்டாருன்னா மோட்டாருதான் சார். கிணத்துல இருந்தா இன்னா, ஊட்ல இருந்தா இன்னா?”

அந்தப் பதிலில் எனக்கு எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். ஆனால் பதினான்கு நாள் காத்திருந்தவனுக்கு, தன்னம்பிக்கையோடு யார் பேசினாலும் பிடித்துவிடுகிறது.

புது மோட்டாரின் வாயும் பழைய குழாயும் சேரவில்லை. ஒரு நூல் அளவு வித்தியாசம். இத்தாலியும் சென்னையும் ஒத்துப்போகாத அந்த ஒரு நூலில்தான் எங்கள் மே மாதம் முழுதும் மாட்டிக்கொண்டது. அவர் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, குழாயின் நுனியை அதில் காட்டிச் சுழற்றினார். பிளாஸ்டிக் இளகியதும் ஒரே அழுத்தாக மோட்டாரின் வாயில் ஏற்றினார். மேலே பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இறுக்கிச் சுற்றினார். பார்க்க ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரியே இருந்தது.

சுவிட்சைப் போட்டோம். மோட்டார் பாடியது. தண்ணீர் வரவில்லை. மோட்டாரின் முன்னால் குப்பை பிடிக்கும் சிறிய கிண்ணம் ஒன்று உண்டு, கண்ணாடி மாதிரி மூடியோடு. அதற்குள் தண்ணீர் ஏறாமல் குமிழ் குமிழாகக் கொதித்தது.

“காத்து வாங்குது,” என்றார்.

இரண்டு நாள் காற்று வாங்கியது. கட்டைப் பிரித்தார், கட்டினார். பசை தடவினார். மின்சாரம் போனால் மூவரும் பலாச்சுளை தின்றோம். வந்தால் மறுபடி சுவிட்ச், மறுபடி பாட்டு, மறுபடி குமிழ். மச்சான் போனில், “வால்வைத் திருப்பிப் பாத்தீங்களா மாப்ள?” என்றார். வால்வையும் திருப்பினோம். மருத்துவரைப் பார்க்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. எனக்கு இரவில் கனவிலும் குமிழ்கள்.

மூன்றாம் நாள் காலை, கிண்ணத்து மூடியின் ரப்பர் வளையத்திலும் சந்தேகம் என்று நான் முதுநகருக்குப் போனேன். நாலு கடை ஏறி, ஏறக்குறையச் சரியான ஒரு வளையத்தோடு திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போதே பின்பக்கமிருந்து அவர் குரல்.

“சார்! ஓடியாங்க! புடிச்சிக்கிச்சி!”

ஓடினேன். பிடித்துத்தான் இருந்தது. நாலு துளையிலிருந்தும் தண்ணீர் அப்படி ஒரு வேகத்தோடு பாய்ந்துகொண்டிருந்தது. ஆனால் பச்சையாக இல்லை. பழுப்பாக இருந்தது. நாலு துளையிலிருந்தும் நாலு பழுப்பு வால்கள் நீண்டு, நடுவில் ஒன்றையொன்று தொட்டுச் சுருண்டு, நீலக் கற்களின்மேல் மெதுவாக, மிக மெதுவாக, மாலை இறங்குவது போல இறங்கிக்கொண்டிருந்தன. பார்வைக்கு அழகாகவே இருந்தது, அதுதான் கொடுமை. வைக்கோல் துணுக்குகள் மிதந்தன. பிறகு வாசனை வந்து சேர்ந்தது.

“இன்னாய்யா ஊத்தின?”

“சாணி சார்.”

“சாணியா?”

“பசுஞ்சாணிதான் சார்,” என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக. “எருமை இல்ல.”

பக்கத்து மனையில் கட்டியிருந்த மாட்டிடமிருந்து ஒரு பக்கெட் வாங்கி, கரைத்து, கிண்ணத்தில் ஊற்றி, மூடி, சுவிட்சைப் போட்டிருக்கிறார். மணல் தொட்டி அடைத்துக்கொள்ளக் கூடாதே என்று, அவ்வளவு முன்யோசனையோடு, வால்வைத் திருப்பி, மணலுக்குள் போகாமல் தண்ணீர் நேராகக் குளத்துக்கே போகும்படி வைத்திருக்கிறார்.

“கிணத்து மோட்டாருல காத்து வாங்கினா இதான் சார் செய்வோம். எங்க சந்து இருக்குதோ அங்க போய் ஒக்காந்துக்கும். நான் முப்பது வருசமா ஊத்தறேன். ஒரு மோட்டாரு ஏமாத்தினது கிடையாது.”

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இப்போது எழுத விருப்பமில்லை. பத்து நாளில் தொண்ணூறு டிகிரி வேண்டும், மூடாத தையல், சுத்தமான தண்ணீர் என்று டாக்டர் சொன்னார், நீ சாணியைக் கொட்டியிருக்கிறாய், இனி இந்தப் பக்கம் வராதே என்று அந்த ரீதியில். அவர் கையில் காலி பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். மோட்டார் எங்கள் இருவரையும் கண்டுகொள்ளாமல் சந்தோஷமாக ஓடியது.

சத்தம் கேட்டு அவள் ஊன்றுகோலோடு வந்தாள். குளத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, ஒன்றாம் வகுப்பில் அட்டையைக் காட்டிக் கேட்கும் குரலில் கேட்டாள்:

“தம்பி, இந்த மோட்டாரு தண்ணிய எங்கேர்ந்து எடுக்குது?”

“கொளத்துலேர்ந்துக்கா.”

“எங்க உடுது?”

“கொள—” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். துளைகளைப் பார்த்தார். பக்கெட்டைப் பார்த்தார். “அக்கா... கிணத்துல ஊத்தினா அது வயலுக்குப் போயிடும்க்கா. பயிருக்கு நல்லதுதான.”

“இங்க வயலு எங்க இருக்குது?”

அவர் மெல்ல நடந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார். கருவிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“இப்ப திருப்தியா உங்களுக்கு?” என்றாள் என்னிடம். நானா சாணி ஊற்றினேன்? அந்த மோட்டார் செய்தது, மெக்கானிக் செய்தது, உளுந்துச் செடி செய்தது எல்லாம் கடைசியில் என் கணக்கில்தான் வந்து சேருகிறது என்று முணுமுணுத்தேன். அவள் கேட்காதவள் போல உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கேட்டருகே ஒரு குட்டியானை வண்டி. அதிலிருந்து அவர் ஒரு டீசல் எஞ்சினை இறக்கிக்கொண்டிருந்தார், வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறது. கூடவே இன்னொரு பலாப்பழம்.

“கோவமா இருந்தீங்க, அதான் சொல்லாம போயிட்டேன். காலி பண்ணிடலாம் சார்.”

கரண்டு வேண்டாம், குளத்து மோட்டார் வேண்டாம். ஒரு எஞ்சின், ஒரு ஹோஸ். மூன்றே மணி நேரத்தில் குளம் காலி. இது இப்படி முடியும் என்று இருபது நாளாக ஒருவருக்கும் தோன்றவில்லை, முக்கியமாக எனக்கு. தண்ணீரெல்லாம் மச்சானின் ஆறு தென்னைக்குப் போனது. “தென்னைக்கு நல்லதுக்கா,” என்றார் அவர், ஜன்னலைப் பார்த்து. தவளை தானாகவே எங்கோ கிளம்பிப் போனது.

அடியில் சாணி ஒரு பூச்சாகப் படிந்திருந்தது. அதற்கடியில் பாசி. கற்களுக்கு நடுவிலிருந்த கோடுகளில் இரண்டும் கலந்து கிடந்தன. அவரும் நானும் விளக்குமாறோடு இறங்கினோம். அவள் மேலே நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மூலையில விடறீங்க.”

“பெருக்கறேன்.”

“பெருக்கறது இல்லங்க, தேய்க்கணும். கோடுல போவல பாருங்க.”

“போவும்.”

“எப்ப போவும்? அண்ணன் வந்தப்புறமா? தம்பி, நீயும்தான், மேலோட்டமா தள்றியே.”

இப்படி அரை மணி நேரம். பிறகு மேலிருந்து பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தால், அவள் முதல் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடுவதற்குள், இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே இரண்டாம் படிக்கு நகர்ந்தாள். “தொடாதீங்க. ஒரு வேலைய ஒழுங்கா செய்ய ஆள் கிடையாது இந்த ஊட்ல. நாரைக் குடுங்க.” தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் கொடுத்தேன். கையுறையையும், தையலுக்கு மேல் சுற்ற ஒரு பாலிதீன் பையையும் கொடுத்தேன். வைதுகொண்டே வாங்கிக்கொண்டாள்.

கடைசிப் படியிலிருந்து கை எட்டும் தூரம் வரை ஒவ்வொரு கோடாகத் தேய்த்தாள். என்னைத் திட்டினாள், அண்ணனைத் திட்டினாள், இத்தாலியைத் திட்டினாள். அரசாங்கத்தை ஒரு முறை. இன்னும் கொஞ்சம் எட்ட வேண்டும் என்று பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்தாள். வேலை அன்று முடியவில்லை. அடுத்த நாளும் நாங்கள் கூப்பிடாமலே இறங்கினாள்.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு மூன்று டீயோடு பின்பக்கம் போனேன். அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து, அந்தப் படியின் அடி விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதற்காக வலது பாதத்தைப் படிக்குக் கீழே உள்ளே தள்ளி வைத்திருந்தாள். நன்றாகவே உள்ளே.

மெக்கானிக்கும் பார்த்துவிட்டார். “சார், அக்கா காலு—”

தலையை ஆட்டி அவரை அடக்கினேன். சொன்னால் குனிந்து பார்ப்பாள், பார்த்தால் பயப்படுவாள், பயந்தால் நீட்டிவிடுவாள். பாகைமானி என் சட்டைப் பையில், நெஞ்சின் மேல் இருந்தது. எடுக்கவில்லை. டீயைக் குளத்து விளிம்பில் வைத்துவிட்டு நான் வேறு மூலையைத் தேய்க்கப் போனேன், ஏற்கெனவே தேய்த்த மூலையை.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, “என்னங்க ரெண்டு பேரும் பேசவே மாட்டேங்கறீங்க?” என்றாள். அவர் பலாக் கொட்டையை எப்படிச் சுடுவது என்று பேச ஆரம்பித்தார். நல்ல மனுஷன்.

சந்து விட்டது ரப்பர் வளையம் இல்லை, ஒரு நூல் வித்தியாசம்தான் என்று கடைசியில் அவரே ஒத்துக்கொண்டார். பண்ருட்டியில் லேத் பட்டறை ஒன்றில் ஒரு பித்தளை இணைப்பைக் கடைந்து வாங்கி வந்து மாட்டினார். ஐந்து நிமிஷ வேலை. குளத்தை நிரப்ப இரண்டு நாள். மோட்டார் பிடித்தது, ஒரு குமிழ்கூட இல்லை. தண்ணீர் நீலமாக, தெளிவாக, யாருக்கோ காத்திருப்பது போல நின்றது. அவளை இறங்கச் சொன்னேன்.

“நான் மாட்டேன்.”

“ஏன்? சுத்தமா இருக்கே! இதுக்குத்தானே இவ்வளவும்—”

“அதுல என்னா ஊத்துனீங்கன்னு எனக்குத் தெரியும்.”

எனக்கு அந்தக் கணத்தில் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இருபத்து நாலு நாள், இரண்டு பார்சல், ஒரு லேத் பட்டறை. கடைசியில் கெஞ்சியும் பாதம்கூட நனைக்கவில்லை. அதற்குப் பதில் மச்சான் வீட்டுப் படிக்கட்டு, மொட்டை மாடி, கழிவறைத் தரை என்று உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து எல்லாவற்றையும் தேய்த்தாள். அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

மே கடைசியில் சிதம்பரம் போனோம். மருத்துவர் அளவுகோலை வைத்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், மறுபடி வைத்தார்.

“தொண்ணூத்தி நாலு. பாத்தீங்களா, தண்ணியில நடந்தா எப்படி வேலை செய்யுது!”

“தண்ணியே இல்ல டாக்டர்,” என்றாள் அவள். “சாணி வழிச்சேன்.”

அவர் சிரித்தார், அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு. சீட்டில் எழுதினார். “எதுவா இருந்தாலும் அப்படியே கண்டினியூ பண்ணுங்க.”

பள்ளி திறந்தபோது முதல் ஒரு மாதம் சுவரில் சாய்ந்து, வலது காலைப் பாயில் நீட்டியபடிதான் பாடம் நடத்தினாள். நீட்டிய காலின்மேல் பிள்ளைகள் அட்டைகளை அடுக்கினார்கள் என்று சொன்னாள். கோப்புகள் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

ஆகஸ்டில் மச்சான் விடுமுறைக்கு வந்தார். நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். அவர் குளத்தில் இரண்டு முறை முங்கி எழுந்து, மோட்டாரின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, “நான் சொன்னேன்ல மாப்ள, இத்தாலி இத்தாலிதான்,” என்றார். மாற்றிய விஷயத்தை நான் ஏற்கெனவே நான்கு முறை சொல்லியிருந்தேன். ஐந்தாவது முறை சொல்ல வாயெடுத்தபோது, அவர் மூக்கைச் சுருக்கினார்.

“ஆனா தண்ணியில ஏதோ ஒரு வாடை அடிக்குதே?”

என் மனைவி குளத்து விளிம்பில், தரையில், மெக்கானிக் அனுப்பியிருந்த பருவம் தப்பிய பலாப்பழத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கையில் எண்ணெய். இடது கால் சம்மணமாக மடிந்திருந்தது. வலது கால் முக்கால்வாசி. நான் என்ன பதில் சொல்வது என்று அவளைப் பார்த்தேன்.

“தெக்குக் காத்துண்ணே,” என்றாள், தலையைத் தூக்காமல். “இந்தாங்க, சொளை சாப்புடுங்க.”